தென்பெண்ணை வெள்ளம்: காவேரிப்பட்டணம் பக்கம் ஆற்றோர வீடு, கிணறு, மாந்தோப்பு. மழைக்கு முன்னால் என்ன செய்து வைக்கலாம்?

பெண்ணைக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி ஒரு தார்சு வீடு. பேஸ்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை அடி. முன்பு வந்த வெள்ளத்தின் கறை வெளிச் சுவரில் தரையிலிருந்து இரண்டே கால் அடியில் நிற்கிறது. அதாவது வீட்டுக்குள் முக்கால் அடி தண்ணீர்.

பின்பக்கம் ஒன்றரை ஏக்கர். ஒரு ஏக்கர் பெங்களூரா மா, அரை ஏக்கர் நெல். வீட்டுக் கிணறு 10 அடி விட்டம், மேல் 12 அடி மண்பகுதிக்குப் பழைய கல் கட்டு, அதற்குக் கீழே பாறை. குடிக்க இந்தத் தண்ணீரும் உண்டு. தோட்டத்துக்கு 750 அடி போர், ஆறரை அங்குலம், சப்மெர்சிபிள் மோட்டார். ஸ்டார்ட்டர் பெட்டி தரையிலிருந்து மூன்றடியில் இருக்கிறது.

கேட்க நினைப்பவை: அணையில் இத்தனை கன அடி திறப்பு என்று அறிவிக்கிறார்களே, அதை வைத்து எங்கள் இடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று எப்படிக் கணிப்பது? சுற்றுச்சுவரை நாலடி உயர்த்திக் கேட்டை அடைத்துவிட்டால் போதுமா, அல்லது பேஸ்மட்டத்தையே உயர்த்த வேண்டுமா? வெள்ளம் வடிந்த பிறகு கிணறு, மோட்டார், மரங்களுக்கு எதை முதலில், எதைப் பிறகு செய்வது? நிவாரணத்துக்கு என்ன காகிதம் தயாராக இருக்க வேண்டும்? பருவமழைக்கு முன் கையில் இருக்கும் பணத்தில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

---

கனஅடிக்கணக்கு பதில்:

கிருஷ்ணகிரி அணை வெள்ளத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். அதன் கொள்ளளவு 1.66 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) அளவுதான். மேலே ஓசூர் பக்கம் இருக்கும் கெலவரப்பள்ளி அணை அரை டி.எம்.சி.கூடக் கிடையாது. விநாடிக்கு 20,000 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 1.73 டி.எம்.சி. ஆகிவிடும். அணை காலியாகவே கிடந்தாலும் ஒரே நாளில் நிரம்பிவிடும் என்று பொருள். ஐப்பசி, கார்த்திகையில் முழு மட்டமான 52 அடிக்குப் பக்கத்தில் நிற்கும் அணைக்கு வருகிற தண்ணீரை அப்படியே திறந்து விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது திறப்பை விட வரத்து. வரத்து ஏறத் தொடங்கினால் திறப்பும் பின்னாலேயே ஏறும். இந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

வரத்து எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஆறு நந்தி மலையில் தொடங்கி, ஒசகோட்டை, பெங்களூருவின் கிழக்குப் பகுதி வழியாகக் கெலவரப்பள்ளிக்கு வருகிறது. சூளகிரிச் சின்னாறும் வேப்பனப்பள்ளி வழியாக வரும் மார்க்கண்டேய நதியும் அதோடு சேர்கின்றன. பெங்களூருவில் மே மாதத்திலும் நல்ல மழை பெய்யும், செப்டம்பர், அக்டோபரில் உச்சம். கார்த்திகையில்தான் வெள்ளம் என்று கணக்குப் போட்டு வைக்காதீர்கள். சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் கெலவரப்பள்ளியில் தண்ணீர் திறப்பது உண்டு.

கன அடியை அடியாக மாற்றுவதில் பலரும் தவறுகிறார்கள். திறப்பு இரட்டிப்பானால் ஆற்றின் ஆழம் இரட்டிப்பாகாது. அகலமான ஆற்றில் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், வேகமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். 10,000 கன அடிக்கு 4 அடி ஓடுகிற இடத்தில் 20,000 கன அடிக்கு 6 அடி. கரையைத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும். தண்ணீர் வயலில் பரவுவதால் மட்டம் மெதுவாக ஏறும், ஆனால் ஒரு நாளில் வடிய வேண்டியது மூன்று நாள் நிற்கும். பாலத்தடியில் மரமும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டால் பாலத்துக்கு மேல்பக்கம் மட்டம் தனியாக எகிறும். அதை எந்தக் கணக்கும் சொல்லாது.

அதனால் உங்கள் இடத்துக்கென்று ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலிலிருந்தே தெரிகிற ஒரு கல்தூணிலோ மின்கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நட்ட கல்லிலோ அரை அடிக்கு ஒரு கோடு, எனாமல் பெயின்டில், அடி எண்ணோடு. மின்கம்பத்தின் மேலேயே கோடு போடாதீர்கள், வெள்ளத்தில் அதன் அருகே போகும் பழக்கமே வேண்டாம். வீட்டுத் தரைமட்டம் எந்தக் கோட்டுக்கு நேர் என்பதை டியூப் லெவல் வைத்துப் பார்த்துச் சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு திறப்பின் போதும் நோட்டில் மூன்று எண் எழுதுங்கள்: அணையில் எத்தனை மணிக்கு எத்தனை கன அடி, உங்கள் கல்லில் எத்தனை அடி, அது எத்தனை மணிக்கு. இரண்டு மழைக்காலம் எழுதினால், "இவ்வளவு திறந்தால் இத்தனை மணி நேரத்தில் சிவப்புக் கோடு" என்று நீங்களே சொல்லிவிடலாம். எந்தச் செயலியும் இதைத் தராது.

அறிவிப்பு எண்ணை அப்படியே நம்பி விளிம்பு வரை கட்டக் கூடாது என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம். அமெரிக்காவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தை 1997 ஏப்ரலில் ரெட் ஆறு மூழ்கடித்தது. அங்கே வெள்ளம் பனி உருகி வருவது. எவ்வளவு பனி கிடக்கிறது என்று வாரக்கணக்கில் முன்னரே அளந்து வைத்திருப்பார்கள். அப்படியும் 49 அடி என்று கணித்து அதற்கு மேல் சில அடி கூட்டிக் கரை உயர்த்தினார்கள். வந்தது 54.35 அடி. நமக்கு அந்த வாரக்கணக்கான அவகாசமே இல்லை. மழை பெய்த சில மணி நேரத்தில் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். கணிப்புக்கு மேல் குறைந்தது இரண்டடி வைத்துத் திட்டமிடுங்கள்.

இன்னொன்று. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர்தானே என்று தரைப்பாலத்தில் வண்டியை இறக்கிவிடாதீர்கள். அரை அடி ஓட்டமே ஆளைச் சாய்த்துவிடும், ஓரடியில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், இரண்டடியில் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும்.

---

பெண்ணைக்கரை:

மிக்க நன்றி சார். அணை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு ஏரி இருக்கிறது. அதன் கோடிக்கால்வாய் (ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிந்து ஓடும் கால்வாய்) எங்கள் தோப்புக்குப் பக்கமாகத்தான் ஆற்றுக்குப் போகிறது.

---

கனஅடிக்கணக்கு:

போதாது. அந்தக் கால்வாயைப் பற்றி முதலிலேயே சொல்லியிருந்தால் அதிலிருந்தே தொடங்கியிருப்பேன்.

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து நம் பக்கம் வந்தபோது, ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. 100 சதுர கிலோமீட்டரில் 50 செ.மீ. பெய்தால் 1.77 டி.எம்.சி. கிருஷ்ணகிரி அணையின் முழுக் கொள்ளளவையும் தாண்டிய தண்ணீர், அணைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஏரிக்கு ஏரி கோடி போய் ஊருக்குள் இறங்கும். ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் அடித்துக்கொண்டு போனது ஏரி நிரம்பி வழிந்த தண்ணீரில்தான். ஆற்று வெள்ளத்துக்குத் தண்டோரா உண்டு, ஐந்து மாவட்டத்துக்கும் எச்சரிக்கை உண்டு. ஏரிக் கரை உடைப்புக்கு முன்னறிவிப்பு என்று எதுவும் வராது.

ஆகவே வீட்டில் ஒரு மழைமானி வையுங்கள். நேர்ச்சுவர் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்கேல் ஒட்டி, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்தாலே போதும். மூன்று மணி நேரத்தில் 10 செ.மீ. தாண்டினால், அதுவும் ஏரி ஏற்கெனவே கோடி போய்க்கொண்டிருந்தால், மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள், அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். ஏரிக்கரையில் பார்க்க வேண்டியது: கரையின் வெளிப்பக்கம் அடிவாரத்தில் ஊற்று கலங்கலாக வருகிறதா? தெளிவாகக் கசிந்தால் கண்காணிக்கலாம். சேறு கலந்து வந்தால் கரைக்குள் மண் அரித்து வெளியேறுகிறது, சில மணி நேரத்துக்குள் உடையலாம். மதகுத் தூம்பை ஒட்டிய இடம்தான் பெரும்பாலும் முதலில் போகும். உடனே 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. அது கிடைக்காவிட்டால் 1070, மாநிலக் கட்டுப்பாட்டு அறை.

கோடிக்கால்வாயில் முள்ளும் குப்பையும் அடைத்திருந்தால் இப்போதே ஊராட்சியில் மனு கொடுத்துத் தூர்வாரச் சொல்லுங்கள். புரட்டாசிக்கு மேல் பொக்லைன் உள்ளே இறங்க முடியாது.

---

கொத்துக்கரண்டி பதில்:

சுற்றுச்சுவரை நாலடி உயர்த்துற யோசனைய விட்டுடுங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன். ரெண்டடி தண்ணி ஒரு பக்கம் நின்னா, ஒரு மீட்டர் நீளச் சுவர் மேல 180 கிலோ தள்ளும். மூணடி நின்னா 400 கிலோவத் தாண்டும். உயரம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு. நாலரை அங்குலச் சுற்றுச்சுவர் அதத் தாங்காது, படுத்துடும். அதுவும் ஒரே நேரத்துல மொத்தமா விழும், பக்கத்துல ஆள் நின்னா ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரங்க பக்கம் தண்ணியத் திருப்பி விடறதும் சரியில்ல, ஓடைப் பாதைய மறிச்சா வழக்கும் வரும்.

வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலம்னாலும் இதே கதைதான். வாசல்ல பலகை அடைச்சு ரெண்டடி வரைக்கும் தண்ணியத் தடுக்கலாம். அதுக்கு மேல வந்தா பலகைய எடுத்துத் தண்ணிய உள்ள விட்டுடணும். உள்ளயும் வெளியவும் ஒரே மட்டமா நின்னா சுவர் தப்பிக்கும். பொருள் நனையும், வீடு நிக்கும்.

உங்க கணக்குப்படி உள்ள வந்தது முக்கால் அடி. அதுக்குப் பலகை முறை நல்லா சரிப்படும், செலவும் கம்மி. நிலைக்கு ரெண்டு பக்கமும் அலுமினியம் 'யூ' சேனல் ரெண்டடி உயரத்துக்கு, பின்னால சிலிகான் விட்டு ஸ்குரூ போட்டு வைங்க. 18 மி.மீ. மெரைன் பிளைவுட், ரெண்டடி உயரம், அடியிலயும் ரெண்டு ஓரத்துலயும் ரப்பர் பீடிங். வாசப்படிக் கல் மேடுபள்ளமா இருந்தா பீடிங் உக்காராது. பலகை நிக்கிற ஓரத்த மட்டும் சிமென்ட்டுல மட்டமாக்கிடுங்க. கோடையிலேயே ஒரு தடவ மாட்டி ஓஸ் பைப்புல தண்ணி அடிச்சுப் பாருங்க. நடுராத்திரியில மொத முறையா மாட்டினா எந்தப் பலகை எந்த வாசலுக்குன்னே தெரியாது.

தண்ணி வாசல் வழியா மட்டும் வராது. பாத்ரூம் குழி வழியாவும் கக்கூஸ் வழியாவும் பின்னோக்கி ஏறும். செப்டிக் டேங்க் போற குழாயில ரிட்டர்ன் வராத வால்வு போடுங்க. போட முடியலன்னா மண்ண பாலித்தீன் பையில கட்டி, அதச் சாக்குல போட்டு, கக்கூஸ் கோப்பையிலயும் தரைக்குழியிலயும் அமுக்கி வைங்க.

பேஸ்மட்டம் உயர்த்தணும்னா, இருக்கிற வீட்டுல தளத்த ஏத்துனா மேல கூரை உயரம் குறையும், கதவு, ஜன்னல் எல்லாம் மாத்தணும். பத்தடி உயரம் இருந்தா ஒரு அடி ஏத்தலாம், அதுக்கு மேல வேண்டாம். எதிர்காலத்துல புது அறை கட்டினா பழைய கறைக்கு மேல மூணடி வச்சு, அதாவது தரையிலிருந்து அஞ்சே கால் அடி பேஸ்மட்டம் போடுங்க. கருங்கல் கட்டு, கலவை சிமென்ட் ஒண்ணுக்கு மணல் ஆறு. உள்ள மண் நிரப்பும்போது அரை அடி அரை அடியா போட்டு, தண்ணி தெளிச்சு, திமிசு போட்டு இறுக்கணும். டிராக்டர் டிராக்டரா கொட்டி மேல தளம் போட்டா, மொத வெள்ளத்துல மண் அமுங்கித் தளம் தொங்கும். டைல்ஸ் தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும்.

மணல் மூட்டை அடுக்கறவங்க செய்யற தப்பு, மூட்டைய முழுசா நிரப்பறது. பாதிக்குக் கொஞ்சம் மேல நிரப்பி, வாய மடக்கி அடியில விட்டு, செங்கல் கட்டற மாதிரி இணைப்பு மாத்தி மாத்தி அடுக்கி மிதிச்சு விடணும். ஒரு அடி உயரத்துக்கு அடியில மூணடி அகலம். ஆத்து மணல அள்ள வேண்டாம், தோட்டத்துச் செம்மண்ணே போதும்.

சமையல் சிலிண்டரச் சங்கிலி போட்டுக் கட்டி வைங்க. நிறைஞ்ச சிலிண்டரே தண்ணியில மிதக்கும், பாதி காலியானது ரப்பர் டியூபப் பிச்சுக்கிட்டுப் போகும். தரையில இருக்கிற பிளாஸ்டிக் தொட்டிய வெள்ளத்துக்கு முன்னாடி தண்ணி நிரப்பி வைங்க, காலியா இருந்தா மண்ணோட பெயர்ந்து மேல வரும்.

வடிஞ்ச பிறகு: சேறு ஈரமா இருக்கும்போதே தள்ளி வெளிய எடுத்துடுங்க, காஞ்சா மண்வெட்டியால கொத்தணும், டைல்ஸ் போயிடும். அப்பறம் 10 லிட்டர் பக்கெட்டுக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து தரையும் சுவரும் துடைங்க. ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் கலந்துடாதீங்க, வர்ற வாயு நுரையீரலக் கெடுத்துடும். பெயின்ட் அடிக்க ரெண்டு மாசம் பொறுங்க. ஒரு அடிச் சதுரப் பாலித்தீன் துண்ட நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவர்ல ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்க. காலையில உள்பக்கம் முத்து முத்தா வியர்த்திருந்தா சுவர் இன்னும் காயல.

---

ஊற்றுக்கண் பதில்:

கிணற்றைப் பற்றி. வெள்ளம் வடிந்த மறுநாளே பெரிய இன்ஜினைப் போட்டுக் கிணற்றை ஒட்ட இறைப்பதுதான் வழக்கம். உங்கள் கிணற்றுக்கு அது மிகவும் ஆபத்து. மேல் 12 அடி மண், பழைய கல் கட்டு என்கிறீர்கள். கட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கும். கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர் அழுத்தம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது. அதை ஒரே நாளில் எடுத்துவிட்டால் கல் கட்டு உள்நோக்கிச் சரியும். ஆற்று மட்டம் இறங்கிய பிறகு தொடங்குங்கள். ஒரு நாளைக்கு மூன்றடி இறைத்து நிறுத்தி, மறுநாள் காலை கட்டில் புது விரிசலோ, கல் பிதுங்கியதோ, விளிம்பைச் சுற்றித் தரையில் வளையமாக வெடிப்போ தெரிகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த மூன்றடி. பாறை மட்டத்துக்குக் கீழே போன பிறகு வேகமாக இறைக்கலாம். செப்டிக் டேங்குக்கும் இதே விதி, ஈரம் வடியும் முன் காலி செய்யக் கூடாது.

இறைக்கும் டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் படிக்கட்டில் இறக்கி வைக்காதீர்கள். புகை கீழே தங்கி, தூர்வார இறங்கியவர்கள் மயங்கி விழுந்து இறக்கிறார்கள். அழுகிய சேற்றிலிருந்தும் வாயு வரும். விளக்கை இறக்கிப் பார்ப்பது எல்லா வாயுவையும் காட்டாது. ஆள் இறங்கினால் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், முன்கூட்டியே காற்று ஊதும் புளோயர். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் இறங்கவே கூடாது, கயிற்றால் இழுக்க வேண்டும்.

சேற்றை எடுத்து, ஊற்று பிடித்து, தண்ணீர் ஓரளவு தெளிந்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். கலங்கிய தண்ணீரில் போட்டால் குளோரின் முழுவதையும் சேறே தின்றுவிடும், கிருமி அப்படியே இருக்கும். அளவு இப்படி: விட்டம் மீட்டரில், அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர். உங்கள் 10 அடி என்பது 3 மீட்டர். 5 மீட்டர் தண்ணீர் இருந்தால் 35 கன மீட்டர், 35,000 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு ஒரு முறை கடும் அளவு: 1,000 லிட்டருக்கு 150 கிராம், மொத்தம் ஐந்தே கால் கிலோ. இது 33 சதவீதம் குளோரின் இருக்கும் புதுப் பவுடருக்கு. மூட்டை திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வாசனை மட்டும்தான் மிச்சம் இருக்கும், அளவு தப்பும். பக்கெட்டில் பசை போலக் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் தங்க விட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். கல் கட்டையும் அதே நீரால் கழுவுங்கள். 12 மணி நேரம் விட்டு, முழுவதும் இறைத்து வெளியே விடுங்கள். நெல் வயலிலோ மீன் குட்டையிலோ விடாதீர்கள்.

அதன் பிறகு அன்றாட அளவு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம்தான், உங்கள் கிணற்றுக்கு 90 கிராம். இரவில் போட்டுக் காலையில் எடுக்கலாம். ஊராட்சித் தொட்டி இயக்குபவரிடம் குளோரோஸ்கோப் (தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினைக் காட்டும் கருவி) இருக்கும், 0.5 காட்டினால் சரி. ஒரு மாதத்துக்காவது குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. தென்பெண்ணையில் பெங்களூருவின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்து வருகிறது, கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதை எல்லாரும் பார்க்கிறோம். குளோரின் கிருமியைக் கொல்லும், ரசாயனத்தை அகற்றாது. தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ மருந்து வாடையோ இருந்தால், ஆய்வகப் பரிசோதனை வரும் வரை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை மட்டும் குடியுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு தொல்லை ஏற்கெனவே இருப்பதால், கிணறு கெட்டதென்று போர் தண்ணீருக்கு மாறுவதும் நல்ல வழி அல்ல.

போருக்கு: ஆறரை அங்குலத்தில் 100 அடிக்கு 650 லிட்டர். 400 அடி தண்ணீர் நின்றால் 2,600 லிட்டர், பவுடர் 400 கிராம். தெளிவை ஊற்றிய பிறகு மோட்டாரை ஓட்டி, அந்தத் தண்ணீரையே குழாய் வழியாகத் திருப்பிப் போருக்குள் விட்டு ஒரு மணி நேரம் சுழல விடுங்கள். மேலே மட்டும் ஊற்றிவிட்டு விட்டால் அடிவரை இறங்காது. போரின் வாயில் நிற்கும் கேசிங் பைப்பை இப்போதே பழைய கறைக்கு மேல் இரண்டடி உயர்த்தி மூடி போட்டுவிட்டால் இந்த வேலையே மிச்சம். சாக்கும் கல்லும் வைத்து மூடுவது மூடி அல்ல.

---

வைண்டிங்கடை பதில்:

சப்மெர்சிபிள் தண்ணிக்குள்ளயே இருக்கிற மோட்டார், வெள்ளத்தால அதுக்கு ஒண்ணும் ஆகாது. போறது ஸ்டார்ட்டர் பெட்டியும் கேபிள் ஜாயின்ட்டும்தான். பெட்டிய தரையிலிருந்து அஞ்சரை அடிக்கு ஏத்துங்க, கேபிள் அடிப்பக்கமா நுழையட்டும். மேல் பக்கமா நுழைஞ்சா மழைத்தண்ணி ஒயரப் புடிச்சுக்கிட்டு உள்ள இறங்கும். உங்க பட்ஜெட்டுல மொத செலவு இதுதான் இருக்கணும், ரொம்பக் கம்மிக் காசுல பெரிய நட்டம் தவிரும்.

நனைஞ்ச ஸ்டார்ட்டர வெயில்ல காய வச்சு ஓட்டலாம்னு நினைக்காதீங்க. கான்டாக்டர் முனையில மெல்லிசா வண்டல் படிஞ்சிருக்கும், மூணு பேஸ்ல ஒண்ணு சரியாப் புடிக்காது. ரெண்டு பேஸ்ல ஓடி 750 அடி ஆழத்துல மோட்டார் கருகும். ரிலேயும் வண்டல் அடைச்சு ட்ரிப் ஆகாது. கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, எம்.சி.பி. மூணையும் புதுசா மாத்துங்க. பெட்டி, பஸ்பார் கழுவிக் காய வச்சு வச்சுக்கலாம். ஓட்டறதுக்கு முன்னாடி மெக்கர்ல (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) 500 வோல்ட் வச்சு ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாக்கணும். ஒரு மெகாஓம்முக்குக் கீழ இருந்தா சுவிட்ச் போடக் கூடாது, ஜாயின்ட்டப் பிரிச்சுப் பாருங்க.

கிணத்து மேட்டுல மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா சேர்ந்தது) இருந்தா, முடிஞ்சா வெள்ளத்துக்கு முன்னாடியே நட்டு கழட்டி மாடிக்கு ஏத்திடுங்க. நனைஞ்சுட்டா நல்ல தண்ணியில கழுவி, கடைக்குக் கொண்டு வந்துடுங்க. ஓவன்ல காய வச்சு, பேரிங் ரெண்டும் மாத்தி, வார்னிஷ் விட்டா பெரும்பாலும் ரீவைண்டிங் இல்லாமலே தப்பும். நனைஞ்சத ஒரு தடவ "ஓடுதா பாப்போம்"னு ஸ்டார்ட் பண்ணிட்டா காயில் போச்சு.

வீட்டுக்கு: தண்ணி வாசல் தொட்டதுமே மெயின ஆஃப் பண்ணுங்க. ஏற்கெனவே தண்ணி நிக்கிற இடத்துல மெயின் இருந்தா தொடவே தொடாதீங்க, மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987க்குச் சொல்லி வெளியிலயே துண்டிக்கச் சொல்லுங்க. தரையோர பிளக் பாயின்ட்டெல்லாம் நாலடிக்கு ஏத்தி, கீழ்த்தள லைனத் தனி எம்.சி.பி.யில போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிஞ்சா தானா துண்டிக்கிற சுவிட்ச்) ஒண்ணு வைங்க.

---

செந்தூராத்தோப்பு பதில்:

மாமரம் தண்ணீர் நிற்பதை ஓரளவு தாங்கும். தாங்காதது, அடிமரத்தைச் சுற்றி வண்டல் ஏறி வேர்க்கழுத்து மூடிப்போவது. காற்று போகாமல் பட்டை அழுகி, ஆறு மாதம் கழித்துத்தான் இலை மஞ்சளாகும். அப்போது எதுவும் செய்ய முடியாது. ஆகவே தண்ணீர் வடிந்ததும் அடிமரத்திலிருந்து சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்கு வண்டலைக் கையால் வாரி, பழைய தரைமட்டம் தெரியும் வரை எடுங்கள். ஈர மண்ணில் டிராக்டர் விடாதீர்கள், மண் இறுகி வேர் மூச்சுத் திணறும். இரண்டு வரிசைக்கு நடுவில் ஒன்றரை அடி ஆழ வாய்க்கால் எடுத்து வடிகாலோடு சேருங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 3 கிராம் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். சாய்ந்த இளமரத்தை மண் ஈரமாக இருக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள், கொப்பில் மூன்றில் ஒரு பங்கு கழித்துவிடுங்கள். காய்ந்த பிறகு நிமிர்த்தினால் மிச்ச வேரும் அறுபடும். கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு யூரியா வைக்க வேண்டாம். ஈரமும் தழைச்சத்தும் சேர்ந்தால் பூ வர வேண்டிய நேரத்தில் துளிர் கிளம்பி, அந்த வருடக் காய்ப்பு தள்ளிப் போகும்.

நெல்லுக்கு: தண்ணீரை முழுக்க வடித்த பிறகே உரம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. உங்களுக்கு அரை ஏக்கர், எல்லாவற்றிலும் பாதி. பயிர் மஞ்சளித்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள்.

மாடு இருந்தால் தொண்டை அடைப்பான் தடுப்பூசி பருவமழைக்கு முன்பே. வெள்ள நேரத்தில் கட்டுத்தறியில் கயிறோடு விட்டுப் போகாதீர்கள்.

நிவாரணம் பற்றி. பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் கணக்கில் வரும். ஃபெஞ்சல் புயலின்போது அரசு அறிவித்தது: பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500, மானாவாரிக்கு 8,500, மாடு ஒன்றுக்கு 37,500. எக்டேர் என்பதைக் கவனியுங்கள்: உங்கள் ஒரு ஏக்கர் மாவுக்கு 9,100 ரூபாய் அளவு, அரை ஏக்கர் நெல்லுக்கு 3,400. இதை நம்பி எந்தச் செலவையும் திட்டமிட வேண்டாம், வந்தால் வரட்டும்.

பெரும்பாலோர் கேட்காமலே விடுவது வண்டல் அகற்றும் உதவி. பேரிடர் நிவாரண நிதி விதிப்படி விளைநிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் சிறு, குறு விவசாயிக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய். அளப்பதற்கு முன்பே வாரிக் கொட்டிவிட்டால் நிரூபிக்க முடியாது. நான்கைந்து இடத்தில் குழி தோண்டி, ஸ்கேலை நிறுத்தி, இடக்குறிப்போடு படம் எடுத்து, வி.ஏ.ஓ. பார்த்துப் போகும் வரை ஒரு ஓரத்தையாவது தொடாமல் விடுங்கள். அடிமரத்து வண்டலை மட்டும் காத்திராமல் எடுத்துவிடலாம், அதற்கும் முன் படம் எடுங்கள். இறந்த மாட்டைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். பயிர்க் காப்பீடு இருந்தால் 14447க்கு 72 மணி நேரத்துக்குள் பதிவு.

---

பெண்ணைக்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஸ்டார்ட்டர் பெட்டி, கேசிங் மூடி, வாசல் பலகை, அளவுக்கல் என்று இதே வரிசையில் தொடங்குகிறேன். ஒரே சந்தேகம்: சிட்டா அப்பா பெயரில் இருக்கிறது, அடங்கலில் (வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேடு) மா ஏறியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதனால் தடை வருமா?

---

செந்தூராத்தோப்பு:

வரும். வெள்ளத்துக்குப் பிறகு கணக்கெடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பசலியின் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) அடங்கலைத்தான். அதில் தரிசு என்றோ வெறும் நெல் என்றோ இருந்தால், கண்ணெதிரே மரம் சாய்ந்து கிடந்தாலும் எழுத மாட்டார்கள். பசலி ஜூலை 1-இல் தொடங்குகிறது. இப்போதே வி.ஏ.ஓ.வைப் பார்த்து, மா எத்தனை மரம், எத்தனை சென்ட் என்று ஏற்றச் சொல்லுங்கள். அப்பா உயிரோடு இருந்தால் விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே போகட்டும், அதில் சிக்கல் இல்லை. அவர் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றோடு பட்டா மாற்றத்துக்கு இந்த மாதமே மனு கொடுங்கள், அது ஒரு வாரத்தில் முடிகிற வேலை அல்ல.